நட்புறவுக்கு ஒதுக்கப்பட்ட ஓஸ்வால்ட்

தன் உடம்பில் ஓடுகிற ரத்தம் தன்னுடையது அல்ல என்கிற விஷயம் ஓஸ்வால்டுக்கு முப்பத்தோராம் வயதில்தான் தெரியவந்தது. அப்போது அவன் கமர்ஷியல் தெருவில், தான் வேலை பார்க்கும் செருப்புக் கடையில், எட்டாம் நம்பர் கால் கொண்ட ஒரு அம்மாளை ஆறாம் நம்பர் செருப்புக்குள் சமாதானமாக அனுப்பிவைக்க முயன்றுகொண்டிருந்தான். வெள்ளை அம்பாசடரில் வந்து இறங்கிய சஃபாரி உடைக்காரர்கள் இருவரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. "நீதானேப்பா ஓ நெகட்டிவ்?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆமாம் என்றான். காக்ஸ் டவுன் மாதா கோயிலில் வருஷா வருஷம் நடக்கும் முகாமில் ரத்தம் கொடுக்கிறவன். பதிலுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் மாம்பழ ஜூஸும் கிடைக்கும். செய்த நல்ல காரியமெல்லாம் ஒருநாள் அம்பாசடரில் ஏறி வந்து முன்னால் நிற்கும் என்று அவன் நினைத்ததில்லை.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால், நாகலிங்க மரம் நிற்கிற ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். 'நட்புறவு ஆயத்த இயக்ககம்' என்று போர்டு போட்டிருந்தது. வாசலில் இரண்டு கொடிகள். ஒன்று நம்முடையது. இன்னொன்றுக்கு உறை மாட்டியிருந்தது.

உள்ளே இணை இயக்குநர் வெங்கடராமன் இருந்தார். மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த குடும்பம். தாத்தா திவானுக்குக் குடை பிடித்தவருக்குக் கோப்பு பிடித்தவர். வெங்கடராமனுக்கு வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், கனவில் ஆங்கிலம். அவர் முதலில் ஓஸ்வால்டிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்: சம்பந்தப்பட்ட வல்லரசின் பெயரை எங்கேயும் உச்சரிக்க மாட்டேன் என்று. இந்தக் கதையும் அந்தக் கையெழுத்தை மதித்து அந்த நாட்டை 'நண்பர்' என்றே சொல்லிப் போகும். எந்த நாடு என்று தெரியாமல் தவித்துப்போகிற வாசகர் எவரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

விஷயம் இதுதான். நண்பரின் பாதுகாப்புக் கொள்கைத் துணைச் செயலாளரின் மூத்த ஆலோசகர் பெங்களூருக்கு அரை நாள் வருகிறார். பின்னொரு காலத்தில் ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாமா என்று பேசுவதற்கான புரிந்துணர்வு ஒன்றில் கையெழுத்திடப்போகிறார். அவர் ரத்தம் ஓ நெகட்டிவ் என்பதை வெங்கடராமன் ஒரு பத்திரிகைப் பேட்டியிலிருந்து கண்டுபிடித்திருந்தார். ஆலோசகர் விமான நிலையத்திலிருந்து காரில் வருவார். வருகிற சாலை பெங்களூரின் சாலை. ஆகவே விபத்து என்பதை முற்றிலும் மறுப்பதற்கில்லை. அந்த வேளையில் நம் நாடு கையை விரிக்கலாமா?

"அவங்க ரத்தம் கேட்டாங்களா சார்?" என்றான் ஓஸ்வால்ட்.

வெங்கடராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெரிய விஷயங்களைக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பதுதான் அவர் வழக்கம்.

"இங்கதான் ஜனங்க தப்புப் பண்றா, மிஸ்டர் ஓஸ்வால்ட். நாம யாருக்கும் அடிமை இல்ல. அவா கேட்டு நாம செஞ்சா அது அடிமைத்தனம். அவா கேக்கறதுக்கு முன்னாடியே நாமே செஞ்சுட்டா அது பார்ட்னர்ஷிப்."

இந்த விளக்கத்தை ஓஸ்வால்ட் இரண்டு முறை மனதுக்குள் போட்டுப் பார்த்தான். ஏதோ இடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று சொல்ல அவன் படித்த பி.யூ.சி. போதவில்லை. அதனால் தன் கவலையைச் சொன்னான். அவனுக்கு ஒரே தங்கை. பெயர் ஃபிலோமினா. மர்பி டவுனில் குடித்தனம். அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிற்காமல் போய், ஓஸ்வால்ட் படுத்து ஒரு பை கொடுத்துத்தான் பிழைத்தாள். அவளும் ஓ நெகட்டிவ். இந்த முறையும் அப்படி ஆகலாம், அண்ணனைத் தயாராக இருக்கச் சொல் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்பா அம்மா போன பிறகு அவர்கள் இருவருக்கும் சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிற இந்த ரத்தம் ஒன்றுதான்.

"விசிட் இந்த மாசம் பதினஞ்சு. டெலிவரி அடுத்த மாசம். பதினாறாம் தேதி காலம்பற உங்க ரத்தம் உங்களோடது. நான் கியாரண்டி" என்றார் வெங்கடராமன்.

அன்று சாயங்காலமே ஊரிலுள்ள எல்லா ரத்த வங்கிகளுக்கும் ஃபேக்ஸ் போயிற்று. மேற்படி ஓஸ்வால்ட் என்பவரின் ரத்தம் இரு நாட்டு நட்புறவுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த நிறுவனமும் அதை எடுக்கலாகாது.

மறுநாள் காலை ஓஸ்வால்ட் முகம் மழிக்க உட்கார்ந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து பிளேடைப் பிடுங்கியது. அனுமந்தப்பா என்கிற கான்ஸ்டபிள். தும்கூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஓஸ்வால்டைச் சொட்டுக் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் டியூட்டி.

"கத்தி பேடா அண்ணா, வேண்டாம். ஒரு துளி கீழ போனா எனக்கு மெமோ."

பிளேடுக்குப் பதில் இயக்ககம் ஒரு மின்சார ரேசரைக் கொடுத்தது. அது நண்பரின் நாட்டுத் தயாரிப்பு. நம் மின்சாரத்தில் மாட்டியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிப்போனது. பழுது பார்க்கக் கூடாது, திறந்தால் உடன்பாட்டை மீறியதாகும் என்றார்கள். தாடி வளர்ந்தது. தாடி வளர்ந்ததால் இயக்ககம் கொடுத்த அடையாள அட்டையிலிருந்த முகத்துக்கும் கழுத்துக்கு மேலே இருந்த முகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. வாரா வாரம் அவன் எடையைப் பார்க்கக் கூப்பிட்டவர்களே வாசலில் அவனை உள்ளே விட மறுத்தார்கள். அனுமந்தப்பா சாட்சி சொல்லித்தான் அவன் அவனானான்.

கடையில் இன்னும் மோசம். செருப்பில் ஆணி இருக்கலாம் என்பதால் செருப்பைத் தொடக் கூடாது. குனிந்தால் ரத்தம் தலைக்கு ஏறும் என்பதால் குனியக் கூடாது. ஓஸ்வால்ட் நாற்காலியில் உட்கார்ந்து சைஸ் சொல்ல, அனுமந்தப்பா காக்கி உடுப்போடு மண்டியிட்டு வாடிக்கையாளர்களின் காலில் மாட்டிவிட்டார். போலீஸ்காரர் மாட்டிவிட்ட செருப்பைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. வியாபாரம் ஏறியது. முதலாளி மட்டும் நட்புறவு நீடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

சாப்பாட்டுக்கு ஓர் அட்டவணை வந்தது. பேரீச்சை, பீட்ரூட், கீரை. கடைசியில் 'உள்நாட்டு இரும்புச் சத்து' என்று ஒன்று. என்ன என்று விசாரித்தால் ஈரல் வறுவல். அந்த வார்த்தையைத் தன் கையால் எழுத வெங்கடராமனின் ஆசாரம் இடம்கொடுக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணனைப் பார்க்க வந்த ஃபிலோ, தட்டில் இருந்த ஈரலையும் வாசலில் நின்ற போலீஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பிள்ளைத்தாச்சி நான். கீரை, பேரீச்சம்பழம் உனக்கா? மசக்கையும் உனக்கே வந்துட்டா நான் கொஞ்சம் படுத்துத் தூங்குவேன்."

"பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் ஃபிலோ."

"அந்த ஆளுக்கு அடிபடணும்னே எல்லாரும் காத்துட்டு இருக்கீங்க போல." பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு வேண்டியப்ப இருப்பேல்ல அண்ணா?"

இருப்பேன் என்றான். அதைச் சொல்லும்போது அனுமந்தப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் தேதி ஆலோசகர் வரவில்லை. பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டார். அரை நாள் அல்ல, இரண்டு நாள். இரண்டாம் நாள் அவர்கள் வீட்டுச் சாப்பாடு வேறு. இயக்ககத்தில் அன்று யாரும் மதியம் சாப்பிடவில்லை. வெங்கடராமன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அங்க போட்டோல சிரிச்சுண்டிருக்கார். பல்லெல்லாம் தெரியறது" என்றார். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை எதிர்வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொண்டது மாதிரி இருந்தது அவர் குரல். பக்கத்து நாடு ஆலோசகருக்காகப் பத்துப் பேர் ரத்தத்தை ஒதுக்கிவைத்திருந்தது என்று ஒரு துப்பு வந்தது. அது உண்மையா என்று யாரும் பார்க்கவில்லை. இயக்ககம் உடனே பதினொரு பேரை ஒதுக்கியது. அதாவது கண்டோன்மென்ட் வட்டாரத்தில் கிடைக்கக்கூடிய ஓ நெகட்டிவ்காரர்கள் அத்தனை பேரையும். ஆஸ்டின் டவுன் பி.டி. வாத்தியாரிலிருந்து அல்சூர் எல்.ஐ.சி. ஏஜென்ட் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு கான்ஸ்டபிள். ரத்த வங்கிகளில் பைகளாக இருந்ததையும் ஒரு குளிர்சாதன வண்டியில் அள்ளிப்போட்டு இயக்ககத்தின் ஷெட்டில் நிறுத்தினார்கள். முதலில் ஒதுக்கப்பட்டவன் என்பதால் ஓஸ்வால்ட் 'முதன்மை இருப்பு' ஆனான். சம்பளம் ஏறவில்லை.

பதினாறாம் தேதி காலை அவன் வெங்கடராமனின் கியாரண்டியை நினைவுபடுத்தப் போனான். விசிட் ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, ஆகவே பதினாறாம் தேதி இன்னும் வரவில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். சுவரில் காலண்டர் பதினாறு என்றது. வெங்கடராமன் அதைப் பார்த்து, அது பொதுமக்களுக்கானது என்றார்.

புதுத் தேதி வந்தது. அடுத்த மாதக் கடைசி. ஃபிலோவுக்கு டாக்டரம்மா குறித்துக் கொடுத்திருந்ததும் அதே வாரம்.

அதற்கு முன்னோட்டமாக நண்பரின் மருத்துவக் குழு வந்தது. குழு என்றால் ஒரு பெண் டாக்டர், ஒரு பெட்டி, பெட்டியைத் தூக்க இரண்டு பேர். பதினொரு இருப்புகளும் சட்டையை இன் செய்துகொண்டு பங்களா ஹாலில் வரிசையாக நின்றார்கள். வெங்கடராமன் வரவேற்புரையில் சொன்னார்: இவர்களின் நரம்புகளில் ஓடுவது ரத்தமல்ல, நம்பிக்கை. பி.டி. வாத்தியார் தன் முழங்கையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

அந்த டாக்டர் உண்மையிலேயே இனிமையானவர். ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். பிறகு எழுந்து நின்று, இந்த ஏற்பாட்டை எங்கள் அரசு ஆழமாகப் பாராட்டுகிறது என்றார். ஆனால் எங்கள் விதிகளின்படி மலேரியாக் கொசு உள்ள நாட்டில் வசிக்கும் எவருடைய ரத்தத்தையும் எங்கள் குடிமகனுக்கு ஏற்றுவதற்கில்லை. இது குறை அல்ல, பூகோளம். ஆலோசகருக்கு வேண்டிய ரத்தம் அவருடைய விமானத்திலேயே கூட வரும். உங்கள் ரத்தத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அதைத் தொடாமலிருப்பதே அந்த மதிப்புக்கு அடையாளம்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெங்கடராமனின் கண்களில் நீர். "ஆழமாகன்னு சொன்னா, கேட்டேளா? பக்கத்து நாட்டுல வெறும் 'பாராட்டுகிறது'ன்னுதான் சொன்னாளாம்."

ஓஸ்வால்ட் மெல்லக் கிட்டே போனான். "அப்போ எங்க ரத்தம் வேண்டாம்னுதானே சார் அர்த்தம்? என்னை விட்டுடலாமே."

"வேண்டாம்னு அவா சொல்லலை. தொடமாட்டோம்னுதான் சொன்னா. இப்போ உங்களை விட்டா நாம கோவிச்சுண்ட மாதிரி ஆகும். கோவிச்சுண்டா நமக்கு ஏதோ எதிர்பார்ப்பு இருந்ததுன்னு ஆகும். நல்ல சிநேகிதனுக்கு எதிர்பார்ப்பு இருக்கப்படாது."

வேறு வழியில்லாமல் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த டாக்டரிடமே கேட்டான். தங்கையின் பிரசவம், முதல் முறை நடந்தது, எல்லாவற்றையும் சொன்னான். அவர் முழுவதையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, நாங்கள் எடுத்துக்கொள்ளாத ஒன்றை எங்களால் திருப்பித்தர முடியாதே என்றார். போகும்போது ஒரு பேனா கொடுத்தார். அதில் கழுகு படம் போட்டிருந்தது.

அன்றிலிருந்து ஓஸ்வால்டுக்குத் தூக்கம் போயிற்று. தன் கையைப் பார்த்தான். அதே கை. நீல நரம்பு, அதே இடத்தில். உள்ளே ஓடுவது வேண்டாம் என்றவருக்காகக் காவலில் இருக்கிறது. வேண்டும் என்கிறவளுக்குக் கிடையாது. இதில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. விசிட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அனுமந்தப்பாவிடம், குளிர் நடுக்குகிறது, கொசுக்கடியாக இருக்கலாம் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கே அனுமந்தப்பா ஓரடி பின்னால் போனார்.

இயக்ககத்தின் சரித்திரத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. நண்பரின் டாக்டர் மலேரியா என்ற சொல்லைத் தன் வாயால் உச்சரித்திருக்கிறார். அந்தச் சொல் இப்போது இயக்ககத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஓஸ்வால்டுக்கு யாரும் ஜுரம் பார்க்கவில்லை. ரத்தம் எடுத்துச் சோதிக்கவும் முடியாது, ஒதுக்கப்பட்டதாயிற்றே. ஒரு மணி நேரத்துக்குள் முதன்மை இருப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். ஓஸ்வால்ட் கம்பளியை மடித்து வைத்துவிட்டு, பல வாரத்துக்குப் பிறகு சலூனுக்குப் போய்க் கத்தியால் முகம் மழித்துக்கொண்டான். கன்னத்தில் சின்ன வெட்டு. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமல் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தான்.

விசிட் அன்று காலை ஃபிலோவின் புருஷன் சில்வெஸ்டர் ஓடிவந்தான். பைக் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ், அதற்கு மேலே ரத்தம். மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் ஃபிலோவுக்கு நிற்கவில்லை. "மச்சான், சீக்கிரம். டாக்டரம்மா உன்னைத்தான் கேக்குறாங்க" என்றான்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்தவள் சரசு. மாதா கோயில் முகாமில் வருஷா வருஷம் ஓஸ்வால்டுக்கு ஊசி குத்தி, பிஸ்கட் கொடுத்து அனுப்புகிறவள். அவனைப் பார்த்ததும் அவள் எழுந்துகொள்ளவில்லை. மேஜைமேல் இருந்த ஃபேக்ஸை அவன் பக்கம் தள்ளினாள். மேற்படி ஓஸ்வால்ட் என்பவருக்கு மலேரியா இருப்பதாகக் கருதப்படுவதால் எந்த நிறுவனமும் அவர் ரத்தத்தை எடுக்கலாகாது.

ஓஸ்வால்ட் அதைத் திருப்பித் தள்ளினான். பொய் என்றான். தப்பிக்கச் சொன்னது என்றான். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"எனக்குத் தெரியுது ஓஸ்வால்ட். உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ஸ்லைடு போட்டா அரை மணியில நானே சொல்லிடுவேன். ஆனா இது இருக்கறப்ப நான் பையை மேல அனுப்பினா டாக்டரம்மா ஏத்த மாட்டாங்க. அவங்க லைசென்ஸ் போயிடும்." மற்ற ஓ நெகட்டிவ்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டாளாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கான்ஸ்டபிள் எடுத்து, ஆள் நாட்டுக்காகப் போயிருக்கிறார் என்று சொன்னானாம். விரலில் ஊசி குத்தி ஸ்லைடு போட்டுக்கொண்டே, "இந்த ஃபேக்ஸை அனுப்பினவங்களே வாபஸ் வாங்கினாத்தான் உண்டு" என்றாள்.

ஆஸ்பத்திரி போனிலிருந்தே ஓஸ்வால்ட் வெங்கடராமனைப் பிடித்தான். மறுமுனையில் மோட்டார் சைக்கிள்களும் விசிலும் கேட்டன. அவன் வாய் திறப்பதற்குள் அவரே புலம்ப ஆரம்பித்தார். ஆலோசகர் இரண்டு மணி நேரத்தில் இறங்கப்போகிறார். அணிவகுப்பின் கடைசி ஆம்புலன்ஸில் முதன்மை இருப்புக்கான படுக்கை காலி. பி.டி. வாத்தியாரைப் போடலாம் என்றால் அவர் நேற்றிரவு எங்கேயோ குடித்துவிட்டு வந்திருக்கிறார். காலிப் படுக்கையோடு ஒரு வண்டி போனால் பக்கத்து நாடு என்ன நினைக்கும்?

"சார், எனக்கு மலேரியா இல்ல. இங்க ஸ்லைடு போட்டுப் பாத்துட்டிருக்காங்க. சுத்தம்னு சொன்னா நான் வந்து படுத்துக்கறேன். அந்த ஃபேக்ஸை மட்டும் வாபஸ் வாங்குங்க."

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. "தாராளமா. முதல்ல வாபஸ் ஃபேக்ஸ். அடுத்தாப்புல மறுபடியும் ஒதுக்கீட்டு ஃபேக்ஸ். உடல்தகுதி இல்லாதவாளை ஒதுக்க முடியாது பாருங்கோ, அதனால ரெண்டும் தனித்தனியாத்தான் போகணும். அனுமந்தப்பாவை அனுப்பறேன், அவன்கூடவே வந்துடுங்கோ."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"டைப் அடிச்சுக் கையெழுத்துப் போடற நேரம்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஸ்லைடு சுத்தம். ஓஸ்வால்ட் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படுக்கையில் காத்திருந்தான். சரசு நரம்பைத் துடைத்துவிட்டு, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபேக்ஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து நர்ஸ் ஒருத்தி இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். அனுமந்தப்பாவும் வந்து சேர்ந்தார். நிலைமையைச் சில்வெஸ்டர் சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டார்.

இயந்திரம் கிர்ரென்றது. வாபஸ். மேற்படி ஓஸ்வால்ட் என்பவர் முழு ஆரோக்கியத்துடன் உள்ளார். அந்தக் கணம் ஓஸ்வால்டின் ரத்தம் இரண்டு நாட்டில் எதற்கும் சொந்தமில்லாமல் அவனுடையதாக இருந்தது. சரசு குத்தினாள்.

பை நிரம்பத் தொடங்கியது. முழுப் பை வேண்டும், அரைப் பையை ஏற்ற முடியாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஓஸ்வால்ட் ரப்பர் பந்தைப் பிசைந்தான். பேரீச்சையும் பீட்ரூட்டும் கீரையும் அரசாங்கச் செலவில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தன. பை கால்வாசிகூட ஆகவில்லை, இயந்திரம் மறுபடியும் கிர்ரென்றது.

எல்லோரும் திரும்பினார்கள். தாள் மெல்ல வெளியே வந்தது. சரசு இருந்த இடத்திலிருந்தே தலையை நீட்டிப் படித்தாள். "இரு மாபெரும் ஜனநாயகங்களின் தொன்மையான..." என்று ஆரம்பித்திருந்தது. அதற்குக் கீழே பகிர்ந்துகொள்ளப்பட்ட விழுமியங்கள். அதற்குக் கீழே இமயமும் ஏதோ ஒரு மலையும் கைகோத்து நின்றன. முதல் பக்கம் முடிந்து கீழே விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் கடல் வழிகள், மென்பொருள், இரு நாட்டு மக்களின் இதயங்கள். இன்னும் ஓஸ்வால்டின் பெயர் வரவில்லை. பை பாதியைத் தாண்டியது.

"ஆர்டர் வருதுபோல" என்றாள் சரசு, யாரையும் பார்க்காமல்.

அனுமந்தப்பா தாளைக் குனிந்து பார்த்தார். "கையெழுத்து எங்க?"

"இன்னும் வரல."

"கையெழுத்து இல்லேன்னா அது ஆர்டர் அல்ல, பேப்பர்" என்றார் அவர். இருபது வருஷ சர்வீஸ் பேசியது.

மூன்றாம் பக்கம் வந்தது. நான்காம் பக்கத்தில் வெங்கடராமன் இருபத்தோராம் நூற்றாண்டைப் பற்றித் தன் சொந்தக் கருத்தைச் சொல்லியிருந்தார். ஐந்தாம் பக்கத்தில், 'ஆகவே' என்று ஒரு சொல் இயந்திரத்தின் வாயிலிருந்து தலையை நீட்டியபோது, சரசு ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். சில்வெஸ்டர் அவசரச் சோதனைக்காகப் பையை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். கையெழுத்து வந்து விழுந்தபோது அறையில் அனுமந்தப்பாவும் ஓஸ்வால்டும்தான் இருந்தார்கள்.

ஃபிலோவைப் பார்க்கவிடவில்லை. கதவுக்கு வெளியே நிற்கக்கூட நேரமில்லை, உத்தரவு வந்தாகிவிட்டது. ஏற்றியிருக்கிறார்கள், நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்று மட்டும் மாடியிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் அணிவகுப்பு தயாராக நின்றது. சாலையில் ஒரு குழிகூட இல்லை. நேற்றுத்தான் அடைத்திருந்தார்கள், நாளைக்குத் திறந்துகொள்ளும். கடைசி ஆம்புலன்ஸின் பக்கத்தில் வெங்கடராமன் கோட்டும் வேர்வையுமாக நின்றார். ஓஸ்வால்டின் முழங்கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார்.

"எடுத்துட்டாளா?"

"ஒரு பை சார்."

அவர் முகம் ஒரு வினாடி வீட்டு மனிதர் முகமாக ஆயிற்று. ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. அதற்குள் பின்னால் விசில் ஒலித்தது.

"மீதி இருக்கோல்லியோ?"

"உயிரோடதான் சார் இருக்கேன்."

"அப்போ 'இருப்பு உள்ளது'ன்னு போட்டுக்கறேன்" என்றவர், அவனைப் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விமானம் வந்தது. கறுப்புக் கண்ணாடிக் கார்கள் வந்தன. அவற்றின் நடுவே நண்பரின் குளிர்சாதனப் பெட்டி ஒன்று தனிக் காரில், இரண்டு காவலர்களுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து போனதாக ஜன்னல் வழியாகப் பார்த்த அனுமந்தப்பா சொன்னார். அணிவகுப்பு தோம்லூரைத் தாண்டி ஊர்ந்தது. பக்கச் சந்துகளிலெல்லாம் கயிறு கட்டி நிறுத்திவைக்கப்பட்ட ஜனம். ஒரு சந்தில் ஏதோ ஓர் ஆட்டோவின் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஓஸ்வால்டுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. இந்த நேரம் ஆலோசகருக்கு ஏதாவது ஆனால் தன்னை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தான். பிறகு அதை விட்டுவிட்டு, சில்வெஸ்டருக்கு நம்பர் கொடுத்துவிட்டு வந்த அனுமந்தப்பாவின் சட்டைப் பையில் இருந்த செல்போனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

டிரினிட்டி சர்க்கிள் திரும்பும்போது அது அடித்தது. அனுமந்தப்பா எடுத்து, கேட்டு, அவன் காதில் வைத்தார்.

"நின்னுடுச்சு மச்சான்" என்றான் சில்வெஸ்டர். போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு வெகுதூரத்திலிருந்து வருகிற மாதிரி ஃபிலோவின் குரல்.

"அண்ணா, எங்க இருக்க?"

"ஆம்புலன்ஸ்ல."

"ஐயோ. யாருக்கு என்ன ஆச்சு?"

ஓஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டான். வெளியே மோட்டார் சைக்கிள்கள், கொடிகள், ஊர்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஃபிலோ. அதுக்காகத்தான் படுத்திருக்கேன்."